பாலத்துக்கு அந்தப் பக்கம் யார் போலீஸ்?

ஆஷாட ஏகாதசிக்குப் பண்டர்பூர் போய்ச் சேர்வதற்காக, ஞானேஸ்வரரின் பாதுகைகளைச் சுமந்த பல்லக்கு ஆண்டுதோறும் ஆளந்தியிலிருந்து புறப்படுகிறது. லட்சக்கணக்கான வார்கரி பக்தர்கள் தாளம் தட்டி, அபங்கம் பாடி, இரண்டு வாரத்துக்கும் மேலாக நடக்கிறார்கள். நடப்பவர்களுக்கு அது ஒரே பாதை. வழிநெடுக வண்டிகளை மறித்து வழிவிடும் காக்கிச் சட்டைகளுக்கோ அது ஐந்து துண்டு. ஆளந்தி, பிம்ப்ரி-சிஞ்ச்வட் கமிஷனரின் எல்லை. பல்லக்கு பவானி பேட்டையில் தங்கும் நாட்கள் புனே நகரக் கமிஷனரின் பொறுப்பு. திவே காட் மலைப்பாதை ஏறி சாஸ்வட், ஜேஜுரி என்று போகும்போது புனே ஊரக எஸ்.பி. நீரா நதியில் பாதுகைகளுக்கு நீராட்டு முடிந்து அக்கரை ஏறினால் சாத்தாரா மாவட்டப் போலீஸ். பண்டர்பூர் இருப்பது சோலாப்பூர் ஊரகக் காவலில்.

2018க்கு முன்பு இந்தக் கணக்கில் ஒன்று குறைவு. ஆளந்தியும், துக்காராமின் ஊரான தேஹுவும் அப்போது ஊரகக் காவலில் இருந்தன. அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று பிம்ப்ரி-சிஞ்ச்வட் காவல் ஆணையரகம் தொடங்கியது. பிம்ப்ரி, சிஞ்ச்வட், நிகடி, போசரி, வாகட், சாங்வி, ஹிஞ்சவடி போன்ற நிலையங்கள் புனே நகரக் காவலிலிருந்து பிரிந்து வந்தன. தேஹு ரோடு, தளேகாவ், சாகண், ஆளந்தி ஆகியவை ஊரகக் காவலிலிருந்து வந்தன. ஆர்.கே. பத்மநாபன் முதல் கமிஷனர். தலைமையகத்துக்கு இடம் தேடி, கடைசியில் சிஞ்ச்வட் பிரேம்லோக் பார்க்கில் மாநகராட்சியின் பள்ளிக் கட்டடம் ஒன்றில் குடியேறினார்கள்.

ஆக, வெளியூர்க்காரர் ‘புனே’ என்று ஒரே பெயரில் சொல்லும் ஊரை இன்று மூன்று போலீஸ் தலைமைகள் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன: புனே நகரம், பிம்ப்ரி-சிஞ்ச்வட், புனே ஊரகம். இதில் மூன்றாவதன் நிலை விசித்திரமானது. ஊரக எஸ்.பி. அலுவலகம் இருப்பது பாஷாணில், நகரத்துக்குள்ளேயே. தன் அலுவலக வாசலில் ஒரு பைக் திருடுபோனால் அந்த வழக்கு எஸ்.பி.யுடையது அல்ல, நகரக் கமிஷனருடையது. எஸ்.பி.யின் நேர் மேலதிகாரியோ புனேயில் இல்லை. கோலாப்பூர் சரக ஐ.ஜி.யாக இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்திருக்கிறார்.

இப்படி நகரத்துக்கு ஒரு போலீஸ், சுற்றுப்புறத்துக்கு ஒரு போலீஸ் என்ற பிரிவினையை உலகம் முழுதும் பார்க்கலாம். மிகவும் பேர்போனது அமெரிக்காவில் இருப்பது. அங்கே ‘கவுண்டி’ என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் போன்ற ஒன்று. நாடு முழுதும் மூவாயிரத்துக்கு மேல் உண்டு. கவுண்டிக்கு ஷெரிஃப். பெரும்பாலான மாநிலங்களில் இவரை மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். கவுண்டிக்குள் இருக்கும் ஒரு ஊர் தன்னைச் சட்டப்படி நகரமாகப் பதிவுசெய்துகொண்டால், தனக்கென்று போலீஸ் படையை வைத்துக்கொள்ளலாம். அதற்குச் சம்பளம் தருவதும் தலைவரை நியமிப்பதும் அந்த நகரமே. பதிவு செய்யாத பகுதிகளுக்கு ஷெரிஃப்தான் போலீஸ். இப்படிச் சேர்ந்து சேர்ந்து, பெரியதும் சிறியதுமாகப் பதினேழாயிரத்துக்கு மேற்பட்ட தனித்தனிக் காவல் அமைப்புகள் அந்த நாட்டில் இருக்கின்றன. சிலவற்றில் பத்துப் பேர்கூட இல்லை.

இந்த ஏற்பாட்டின் வேடிக்கை லாஸ் வேகாஸில் உச்சத்தைத் தொடுகிறது. சினிமாவில் நாம் பார்க்கும் அந்தச் சூதாட்ட விடுதி வரிசை, ‘ஸ்ட்ரிப்’ எனப்படும் அந்த நெடுஞ்சாலை, பெரும்பாலும் லாஸ் வேகாஸ் நகரத்தில் இல்லை. கிளார்க் கவுண்டியில் ‘பாரடைஸ்’ என்ற, நகரமாகப் பதிவாகாத பகுதியில் இருக்கிறது. நகரம் தங்களை விழுங்கி வரி போடாமலிருக்க, விடுதி முதலாளிகள் முனைந்து 1950இல் உருவாக்கிக்கொண்ட பகுதி அது. ‘லாஸ் வேகாஸுக்கு நல்வரவு’ என்று மின்னும் உலகப் புகழ் பெற்ற பலகைகூட நகர எல்லைக்கு வெளியேதான் நிற்கிறது. கோடு எங்கே போகிறது என்று தெரியாமல் இரண்டு படைகள் தடுமாறியது போதும் என்று 1973இல் நகரப் போலீஸையும் ஷெரிஃப் படையையும் ஒன்றாக்கி, தலைமையை ஷெரிஃபிடமே கொடுத்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் லேக்வுட் என்ற ஊர் வேறொரு வழி கண்டது. 1954இல் நகரமாகப் பதிவுசெய்துகொண்டது. ஆனால் சொந்தப் படை வைக்காமல், கவுண்டி ஷெரிஃபுக்கே காசு கொடுத்துப் போலீஸை வாடகைக்கு எடுத்துக்கொண்டது. அதே கவுண்டியில் இன்று நாற்பதுக்கு மேற்பட்ட நகரங்கள் அதையே செய்கின்றன. காவலை ஒப்பந்தத்துக்கு விடுவது நம்மைக் கொஞ்சம் திடுக்கிட வைக்கும். அங்கே அது சிக்கனம்.

புனேயில் இப்படி நடக்க முடியாது. நம் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை போலீஸை மாநிலப் பட்டியலில் வைத்திருக்கிறது. புனே மாநகராட்சிக்குப் போலீஸ் கிடையாது. மேயர் கமிஷனருக்குக் கடிதம் எழுதலாம், உத்தரவிட முடியாது. நகரப் போலீஸ், பிம்ப்ரி-சிஞ்ச்வட் போலீஸ், ஊரகப் போலீஸ் மூன்றுமே மகாராஷ்டிரப் போலீஸ்தான். சீருடை ஒன்று, சம்பளம் கொடுக்கும் கஜானா ஒன்று. இன்று ஹடப்சரில் இன்ஸ்பெக்டராக இருப்பவரை நாளை ஊரகத்துக்கு மாற்றலாம். ஒரே வீட்டுக்குள் தனித்தனி அடுப்பு என்று சொல்லலாம்.

அப்படியானால் எதற்காக இந்தக் கோடு? என்னைக் கேட்டால், கோடு போலீஸைப் பிரிக்கவில்லை, கையெழுத்தைப் பிரிக்கிறது. ஊரகப் பகுதியில் கலவரம் மூளும் போலிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூட்டம் கூடத் தடை போட வேண்டும். நாம் ‘144’ என்று பழகிய அந்த உத்தரவு, 2024 ஜூலை முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 163ஆம் பிரிவு. எஸ்.பி. அதைத் தானே போட முடியாது. மாவட்ட ஆட்சியரோ, அவருக்குக் கீழுள்ள நிர்வாக நடுவரோ கையெழுத்திட வேண்டும். நகரத்தில் கமிஷனரே நடுவரின் அதிகாரத்தையும் வைத்திருக்கிறார். தானே நிலைமையைக் கணித்து, தானே உத்தரவிட்டு, தானே அமல்படுத்தலாம்.

மகாராஷ்டிரத்தில் இந்த வேறுபாடு கூர்மையாகத் தெரிவது ஊர்விலக்கில். தொடர்ந்து தொல்லை கொடுக்கும் ரவுடியை இரண்டு ஆண்டு வரை மாவட்டத்தைவிட்டே வெளியேற்ற, 1951ஆம் ஆண்டின் மகாராஷ்டிரப் போலீஸ் சட்டம் இடம்கொடுக்கிறது. உள்ளூரில் ‘தடிபார்’ என்பார்கள். நகரத்தில் இதைத் துணை கமிஷனர் மட்டத்திலேயே முடித்துவிடுகிறார்கள். ஊரகத்தில் போலீஸ் முன்மொழிவு எழுதி அனுப்ப வேண்டும். ‘ப்ராந்த்’ எனப்படும் வருவாய்க் கோட்ட அதிகாரி, நம்மூர் ஆர்.டி.ஓ. போன்றவர், நோட்டீஸ் கொடுத்து, விசாரித்து, பிறகு கையெழுத்திட வேண்டும். ஆக, ஒரு கிராமம் ஊரகத்திலிருந்து நகரக் காவலுக்கு மாறும்போது, மாறுவது நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் அல்ல. போலீஸுக்கும் அதன் விருப்பத்துக்கும் நடுவே நின்ற ஒரு மூன்றாம் ஆள் விலகிக்கொள்கிறார். நல்லதா கெட்டதா என்பது, அந்த மூன்றாம் ஆள் எத்தனை முறை ‘வேண்டாம்’ சொன்னார் என்பதைப் பொறுத்தது.

இந்த இரட்டை ஏற்பாடு கிழக்கிந்தியக் கம்பெனியும் பிரிட்டிஷ் அரசும் விட்டுச் சென்றது. லண்டனில் 1829இல் தோன்றிய மாநகரப் போலீஸின் சாயலில், 1856இல் கல்கத்தா, பம்பாய், சென்னை என்ற மூன்று துறைமுகத் தலைநகரங்களுக்கும் கமிஷனர் முறை வந்தது. மற்ற ஊர்களுக்கு வேறு அச்சு. பிரிட்டிஷ் தளபதி நேப்பியர் 1843இல் சிந்து மாகாணத்தைப் பிடித்ததும் அங்கே அயர்லாந்துப் போலீஸை முன்மாதிரியாக வைத்து ஒரு படையைக் கட்டினார். குடிமக்களுக்குச் சேவை செய்வதைவிட, அடங்காத நாட்டை அடக்கி வைக்கும் நோக்கத்தில் அமைந்த படை அது. 1861ஆம் ஆண்டின் போலீஸ் சட்டம் அந்த வழியைப் பெருமளவு தொடர்ந்து, மாவட்டப் போலீஸை மாவட்ட நடுவரின் பொதுக் கட்டுப்பாட்டில் வைத்தது. புனே எவ்வளவு பெரிய ஊராக இருந்தாலும் துறைமுகத் தலைநகரம் இல்லை என்பதால் மாவட்டக் கணக்கிலேயே இருந்தது. சுதந்திரம் வந்து, மாநகராட்சி 1950இல் அமைந்து, அதற்கும் பதினைந்து ஆண்டு கழித்து 1965இல்தான் கமிஷனர் வந்தார்.

ஆனால், பிடிப்பவரும் கையெழுத்திடுபவரும் ஒருவராகவே இருப்பதைப் புனே பிரிட்டிஷாரிடம் கற்கத் தேவையிருக்கவில்லை. பேஷ்வா காலத்தில் கொத்வால் என்ற ஒரே அதிகாரி இருந்தார். திருடனைப் பிடிப்பது, சில்லறை வழக்குகளைத் தீர்ப்பது, சந்தை விலை, எடை, அளவு பார்ப்பது, ஊருக்குள் வருவோர் போவோர் கணக்கு, நிலம் கைமாறினால் பதிவு எல்லாம் அவர் கையில். இரவில் பீரங்கி முழங்கிய பிறகு தெருவில் நடமாடுபவர் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். 1777இல் அந்தப் பதவிக்கு வந்தவர் காஷிராம். 1791 ஆகஸ்டில் தெலுங்கு நாட்டிலிருந்து வந்திருந்த பிராமணர்களை அவருடைய ஆட்கள் பிடித்து, காற்றுப் புகாத இடத்தில் அடைத்தார்கள். விடிந்தபோது இருபதுக்கும் மேற்பட்டோர் மூச்சுத் திணறிச் செத்துக் கிடந்தார்கள். நகரம் கொந்தளித்தது. பேஷ்வா அரசு காஷிராமைக் கைவிட்டது. கூட்டம் அவரைக் கல்லால் அடித்துக் கொன்றது. 1972இல் மேடையேறிப் பெரிய சர்ச்சையைக் கிளப்பிய விஜய் டெண்டுல்கரின் ‘காஷிராம் கொத்வால்’ நாடகம் இந்தக் கதையை வைத்து எழுதப்பட்டதுதான்.

இன்றைய கமிஷனரைக் கொத்வாலோடு ஒப்பிடுவது நியாயம் இல்லை. அவருக்கு மேலே உயர் நீதிமன்றம் இருக்கிறது, மனித உரிமை ஆணையம் இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது. இருந்தாலும் புதிதாக ஓர் ஊருக்குக் கமிஷனர் முறை கொண்டுவரலாமா என்று ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகள் மோதிக்கொள்ளும்போதெல்லாம், அடியில் இருப்பது பழைய கேள்விதான்: பேனாவும் லத்தியும் ஒரே மேசையில் இருக்கலாமா? நெருக்கடி நேரத்தில் விரைவு வேண்டும் என்பது ஒரு கட்சி. விரைவாகக் கைது செய்பவரைச் சற்றே தாமதப்படுத்த ஒருவர் வேண்டும் என்பது மறு கட்சி. நான் இரண்டாவது கட்சிக்குச் சற்றுச் சாய்ந்தவன். ஆனால் நகரங்கள் பெருகப் பெருக, வெல்வது முதல் கட்சி. நம் பக்கத்திலும் 2022 தொடக்கத்தில் சென்னையைச் சுற்றித் தாம்பரம், ஆவடி என்று இரண்டு ஆணையரகங்கள் புதிதாக வந்தது நினைவிருக்கும். அதற்கு முன்பே ஒருமுறை சென்னைப் புறநகருக்குத் தனிக் கமிஷனர் இருந்து, 2011இல் அது மாநகரக் காவலோடு சேர்க்கப்பட்டது. பிரிப்பதும் சேர்ப்பதும் ஒரு அரசாணைத் தூரம்.

புனேயில் கோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2021இல் லோணி கால்போரும் லோணிகந்தும் ஊரகத்திலிருந்து நகரத்துக்கு வந்தன. 2024இல் பாணேர், கராடி, வாகோலி, ஆம்பேகாவ், நாந்தேட் சிட்டி, காளேபடல், புர்சுங்கி என்று ஏழு புதிய நிலையங்கள் நகரக் காவலுக்குக் கிடைத்தன. மாநகராட்சியும் தன் பங்குக்கு 2017இல் 11 கிராமங்களையும், 2021இல் 23 கிராமங்களையும் விழுங்கி, 500 சதுர கிலோமீட்டரைத் தாண்டி, பரப்பளவில் மும்பையையே மிஞ்சிவிட்டது. ஆனால் மாநகராட்சிக் கோடு வேறு, போலீஸ் கோடு வேறு. இரண்டும் ஒன்றையொன்று துரத்துகின்றன, ஒருபோதும் பொருந்துவதில்லை.

ஹிஞ்சவடியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டிலிருந்து புனேக்கு மென்பொருள் வேலைக்குப் போகும் பிள்ளைகளில் பலர் கடைசியில் போய் விழும் இடம். கண்ணாடிக் கட்டடங்களும் ஒரு மணி நேரம் நகராத போக்குவரத்தும் பார்த்தால் மாநகரின் நடுப்பகுதி என்று சத்தியம் செய்யலாம். ஆனால் அது எந்த மாநகராட்சியிலும் சேராத கிராமப் பஞ்சாயத்து. தொழிற்பேட்டையின் சாலையும் தண்ணீரும் மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பு, வெளிச் சாலைத் திட்டமிடல் பெருநகர வளர்ச்சி ஆணையத்தின் பொறுப்பு. போலீஸ் மட்டும் முழு நகரப் போலீஸ்: முதலில் ஊரகம், பிறகு புனே நகரம், 2018 முதல் பிம்ப்ரி-சிஞ்ச்வட். கிராமத்துக்குக் கமிஷனர் உண்டு, மேயர் இல்லை.

கன்டோன்மென்ட் கதை இன்னொன்று. புனே கேம்ப், கட்கி, தேஹு ரோடு மூன்றும் ராணுவப் பாசறை நகரங்கள். உள்ளாட்சி அங்கே மத்தியப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழுள்ள வாரியம். அதனால் உள்ளே ராணுவப் போலீஸ்தான் எல்லாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ராணுவப் போலீஸின் கை ராணுவத்தினர் மீது மட்டுமே. எம்.ஜி. ரோட்டில் பர்ஸ் பறிபோனால் போக வேண்டியது மாநிலப் போலீஸின் நிலையத்துக்கே. ரயில் நிலையத்தில் மறுபடி வேறு. நடைமேடையில் நடக்கும் குற்றத்துக்கு மாநில அரசின் ரயில்வே போலீஸ். ரயில்வேயின் சொத்தைக் காப்பது மத்திய அரசின் ரயில்வே பாதுகாப்புப் படை. நிலைய வாசலைத் தாண்டி ஆட்டோக்காரரோடு சண்டை வந்தால் நகரப் போலீஸ். மூன்று சீருடைக்கும் இடையே பத்தடி தூரம்.

கோடுகள் இப்படி நெருங்கும் இடத்தில்தான் சாமானியனுக்குச் சிக்கல். பல இடங்களில் புனே நகரையும் பிம்ப்ரி-சிஞ்ச்வடையும் முளா நதி பிரிக்கிறது. இந்தக் கரை ஔந்த், எதிர்க்கரை சாங்வி. போபோடியிலிருந்து ஹாரிஸ் பாலத்தைக் கடந்தால் தாபோடி. பாலத்தின் நடுவில் விபத்து நடந்தால், ஆற்றில் ஒரு உடல் மிதந்தால், ‘எங்க லிமிட் இல்லை’ என்ற வாக்கியம் பிறக்கத் தோதான இடங்கள் இவை. அந்த வாக்கியத்தைச் சட்டம் ஏற்பதில்லை. எல்லையைக் காரணம் காட்டி முதல் தகவல் அறிக்கையைத் தட்டிக்கழிக்கக் கூடாது என்பதை நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. எந்த நிலையமும் புகாரை வாங்கி, தன் வரிசை எண்ணுக்குப் பதில் பூஜ்யம் போட்டுப் பதிவுசெய்து, உரிய நிலையத்துக்கு அனுப்பலாம். அதுதான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். 2013இல் ஒரு பிரபல சாமியார் மீதான பாலியல் வழக்கு தில்லியின் கமலா மார்க்கெட் நிலையத்தில் இப்படிப் பதிவாகித்தான் ஜோத்பூருக்குப் போனது. நடைமுறையாக இருந்த இதை, புதிய சட்டத்தின் 173ஆம் பிரிவு எழுத்திலேயே வைத்துவிட்டது: குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிவுசெய்ய வேண்டும். அந்தப் பிரிவின் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு நிலையப் படியேறுவது வீண்போகாது.

அவசர அழைப்பில் கோடு இன்னும் மங்கிவிட்டது. மகாராஷ்டிரத்தில் 112ஐ அழைத்தால், மணி அடிப்பது பக்கத்து நிலையத்தில் அல்ல, மாநில அளவிலான மையத்தில். செல்பேசி இருக்கும் இடத்தைக் கணித்து, அருகிலுள்ள போலீஸ் வண்டிக்குத் தகவல் போகிறது.

குற்றவாளியைத் துரத்தும் போலீஸுக்கும் கோடு தடை இல்லை. இந்தியாவின் எந்த மூலைக்கும் பின்தொடர்ந்து போய்ப் பிடிக்கலாம். 2025 பிப்ரவரி 25 அன்று புனேயின் ஸ்வார்கேட் பேருந்து நிலையத்தில் நின்ற பேருந்துக்குள் ஓர் இளம்பெண் பாலியல் வன்முறைக்கு ஆளானார். சந்தேகத்துக்குரியவர் ஓடிப்போனது ஷிரூர் தாலுகாவின் குணாட் கிராமத்துக்கு, அதாவது ஊரகக் காவலின் எல்லைக்கு. நகரப் போலீஸ் படையாகத் திரண்டு அங்கே போய், மோப்ப நாய்களோடும் டிரோன்களோடும் கரும்புத் தோட்டங்களைச் சல்லடை போட்டது. கிராமத்து மக்களும் சேர்ந்து தேடினார்கள். மூன்றாம் நாள் இரவு அவர் பிடிபட்டார். அமெரிக்காவில் இதே போல் ஒரு படை இன்னொரு படையின் நிலத்துக்குள் போக வேண்டுமென்றால், அந்தந்த மாநிலச் சட்டமும், இரு தரப்பும் முன்கூட்டியே போட்டுக்கொண்ட உதவி ஒப்பந்தமும் பேச வேண்டியிருக்கும். இங்கே இரண்டும் ஒரே டி.ஜி.பி.யின் கீழ் இருப்பதன் லாபம் இது.

நஷ்டமும் உண்டு. அதைப் புர்சுங்கியில் பார்க்கலாம். ஹவேலி தாலுகாவின் இந்தக் கிராமம் மாநகராட்சியில் சேர்க்கப்பட்டது. வரி ஏறியது, வசதி வரவில்லை என்று மக்கள் முறையிட்டார்கள். 2024இல் அரசு, புர்சுங்கியையும் உருளி தேவாச்சியையும் மாநகராட்சியிலிருந்து வெளியே எடுத்து, இரண்டுக்கும் சேர்த்துத் தனி நகராட்சி அமைத்தது. அதே ஆண்டில்தான் புர்சுங்கிக்கு நகரப் போலீஸின் புதிய நிலையமும் கிடைத்தது. குப்பைக்குப் புனேயிலிருந்து பிரிந்த ஊர், திருட்டுக்குப் புனேயோடு இன்னும் நெருங்கியது. இந்த இரண்டாவது முடிவு மும்பையில் மாநிலத் தலைமைச் செயலகமான மந்திராலயத்தின் உள்துறையில் எடுக்கப்பட்டது. பாரடைஸில் குடியிருப்பவருக்கு நகர மேயரைத் தேர்ந்தெடுக்க ஓட்டு இல்லை, ஷெரிஃபைத் தேர்ந்தெடுக்க நான்காண்டுக்கு ஒருமுறை ஓட்டு உண்டு. புர்சுங்கிக்காரர் நகராட்சித் தலைவருக்கு ஓட்டுப்போடுவார், சட்டமன்ற உறுப்பினருக்குப் போடுவார். தன் தெருவில் யார் ரோந்து வர வேண்டும், எத்தனை பேர் வர வேண்டும் என்று கேட்க விரும்பினால், அந்தச் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் மனுக்கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.